பாக்ஸ் கூழாக்கிய வாத்து

"பேரை எடுங்கன்னா எடுங்க. மே மாசம் நான் மேடை ஏற மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? போஸ்டர் அடிக்கக் குடுத்தாச்சு. லீட்ஸ்லேருந்து வர்றாங்க, ஹல்லேருந்து வர்றாங்க. எல்லாம் உன் வாத்தைப் பாக்கத்தான். என் மூஞ்சியப் பாக்கவா வர்றாங்க?"

"வாத்து செத்துப் போச்சு தலைவரே. நீங்களும்தானே பாத்தீங்க?"

"படம் சரியில்ல. பாக்ஸ் கோளாறு."

"பாக்ஸ் கோளாறா? என் மூஞ்சி தெளிவா இருந்துச்சு. பின்னாடி தொங்கின திரையில ஒவ்வொரு பூவும் தெரிஞ்சுது. கழுத்துல கிடக்கற சங்கிலி தெரிஞ்சுது. கை மட்டும் கூழு! எல்லாம் நல்லா இருந்து ஒண்ணு மட்டும் கூழா இருந்தா கோளாறு பாக்ஸ்லயா, அந்த ஒண்ணுலயா? சொல்லுங்க!"

இந்தச் சண்டையை நான் காதால் கேட்கவில்லை. எனக்குக் காது கேட்காது, சண்டை போட்ட இரண்டு பேருக்கும் கேட்காது. இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஊர்க் காதுகேளாதோர் கிளப்பின் சமையலறையில் நின்று பட்டாணி கிண்டிக்கொண்டிருந்தேன். பரிமாறுகிற ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஹாலின் அந்தக் கோடியில் நான்கு கைகள் பறந்துகொண்டிருந்தன. காது கேட்கிறவர்கள் என்றால் குரலைத் தாழ்த்திச் சண்டை போடலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஹாலில் யார் யாரைத் திட்டினாலும் எல்லோருக்கும் தெரியும். நாகரிகம் உள்ளவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் திருப்பிக்கொள்ளவில்லை. சண்டை போட்டது என் மனைவி நோரீன். எதிரே நின்றது கிளப் தலைவர் மாரிஸ்.

பட்டாணி அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

என் பெயர் டெரன்ஸ். இந்த டிவி உதவித் தளத்தில் இதுவரை நான் போட்டதெல்லாம் ரிமோட் வேலை செய்யவில்லை, கேபிள் எங்கே வாங்கலாம் என்கிற மாதிரி சின்னக் கேள்விகள்தான். இது நீளம். எனக்கு அழகாக எழுத வராது, சோஃபாவுக்குத் துணி தைக்கிறவன் நான். ஆனால் கேள்வி கடைசியில் இருக்கிறது, அதனால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

முதலில் வாத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு உயிரோடு ஒரு வாத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஒருத்தன் க்வீன்ஸ்பரி பஸ்ஸில் ஏறுகிறான். வாத்து பையிலிருந்து தலையை நீட்டுகிறது. பக்கத்து சீட்டு அம்மாவின் செய்தித்தாளைப் படிக்கிறது. முன் சீட்டுக்காரரின் வழுக்கையைப் பார்த்து யோசிக்கிறது. கண்டக்டர் வருகிறார். கண்டக்டர் வாத்தைப் பார்க்கிறார், வாத்து கண்டக்டரைப் பார்க்கிறது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கண்டக்டர் வாத்துக்கு டிக்கெட் கிழிக்கிறார். அவ்வளவுதான் கதை. எழுதினால் ஒன்றுமே இல்லை.

நோரீன் சொல்ல வேண்டும். அவள் வலது முழங்கையைத் தூக்கினால் அது வாத்தின் கழுத்து. விரல்கள் சேர்ந்தால் அலகு. மணிக்கட்டுதான் வாத்தின் மூளை. அந்த மணிக்கட்டைக் கொஞ்சமாகத் திருப்புவாள். வாத்து நம்மை ஒரு பார்வை பார்க்கும். இருபது வயதில் அவளை நான் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்கு அந்த வாத்துதான் காரணம். யார்க்‌ஷயரில் எந்த ஊர் கிளப்புக்குப் போனாலும் "வாத்து நோரீன் வந்துட்டா" என்று விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு எல்லோரையும் கூப்பிடுவார்கள். எனக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. அவளுக்குப் பக்கத்தில் நடந்து போவதுதான்.

அவள் பிஸ்கட் கம்பெனியில் டப்பா அடைக்கிற வேலை பார்த்தாள். வருஷக்கணக்காக ஒரே மாதிரி மணிக்கட்டை மடக்கி மடக்கி, உள்ளே நரம்பு நசுங்கிவிட்டது. விரல் மரத்துப் போனது. எங்களுக்கு விரல் மரத்துப் போவது என்றால் நாக்கு மரத்துப் போவது. போன அக்டோபரில் ஆபரேஷன் நடந்தது. நன்றாக ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவள் டிவி பார்க்கும்போதெல்லாம் ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருப்பாள்.

பிப்ரவரியில் சைகை மொழி நிகழ்ச்சி எடுக்கிறவர்கள் எங்கள் கிளப்புக்கு வந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக நோரீன் வாத்தைத் தூக்கினாள். ஹால் முழுக்கச் சிரித்தது. கேமரா பிடித்த பையனுக்கு ஒரு சைகையும் தெரியாது, அவனே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

எங்கள் வீட்டுக்கும் கிளப்புக்கும் டிவி இணைப்பு தருகிற கம்பெனி மூர்லைன், அந்த நிகழ்ச்சியை அதில் நேராகப் பார்க்க முடியாது. அவர்கள் கொடுத்த பாக்ஸில் டவுன்லோட் பண்ணித்தான் பார்க்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை, இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் பட்டாணியும் சாப்பாடு போடுகிற நாளில், கிளப்பின் பெரிய டிவியில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதென்று முடிவு செய்தோம். நோரீன் தலை வாரிப் புது மேல்சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

படம் வந்தது. அவள் முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. கையைத் தூக்கினாள். கை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக ஏதோ கலங்கியது. வாத்து தலையை நீட்டுகிற இடம் வந்தது. கஞ்சிப் பானையில் கரண்டி விட்ட மாதிரி இருந்தது. எது அலகு, எது டிக்கெட், ஒன்றும் தெரியவில்லை. கை ஓய்ந்து நிற்கும்போது மட்டும் கை கையாகத் தெரிந்தது. மறுபடி அசைந்தால் மறுபடி கூழ்.

முடிந்ததும் எல்லோரும் கையைத் தூக்கி ஆட்டினோம். எங்களுக்குக் கைதட்டல் அதுதான். ஆனால் மெதுவாக ஆட்டினோம். மெதுவாக ஆட்டினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

ஜில்லியன் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள். ஜில்லியன் அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள்.

"ஆபரேஷன் பண்ண கையில்ல? அப்படித்தாம்மா இருக்கும். விடு. நீ செஞ்சதெல்லாம் போதாதா?"

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதற்குப் பதில் ஒரு அறை விட்டிருந்தால்கூட நோரீன் தாங்கியிருப்பாள்.

அடுத்த வியாழக்கிழமைதான் நான் முதலில் சொன்ன சண்டை. மே மாதம் எங்கள் கிளப்புக்கு நூறு வயது. பெரிய விழா. கடைசி நிகழ்ச்சி நோரீனின் வாத்து. அவள் பெயரை எடுக்கச் சொன்னாள். மாரிஸ் முடியாது என்றார். கடைசியில், போஸ்டர் அடிக்கிற இடத்தில் சொல்லி அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன், அதற்குள் மனசு மாறவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று முடித்தார். மாரிஸின் சைகை போக்குவரத்துப் போலீஸ்காரர் சைகை மாதிரி பெரிதாக, நிதானமாக இருக்கும். "எடுத்துடறேன்" என்று அவர் சொன்னது தெருவில் போகிறவனுக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து நான் பேசிப் பார்த்தேன்.

"ஷூட்டிங் அன்னிக்கு நாங்க எல்லாரும் நேர்ல பாத்தோமே. வாத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"நீங்கல்லாம் என் ஆளுங்க. கதை உங்களுக்கு மனப்பாடம். நான் பாதி செஞ்சா மீதிய நீங்களே பாத்துக்குவீங்க. கேமராவுக்கு என் மேல பிரியமும் இல்ல, அதுக்கு மனப்பாடமும் கிடையாது."

ஷூட்டிங் நடத்தினவர்களுக்கு எழுதிக் கேட்டேன். அவர்கள் ஸ்காட்லாந்தில் வேறு வேலையில் இருக்கிறார்கள், திரும்பியதும் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. சரி, மூர்லைன்காரர்களையே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

எங்களால் போன் பண்ண முடியாது. லேப்டாப்பில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மா வருவார். நான் கையால் சொல்வதை அவர் வாயால் சொல்வார், அந்தப் பக்கம் சொல்வதை எனக்குக் கையால் சொல்வார்.

"சவுண்டு தெளிவா இருக்கா சார்?" என்று மூர்லைன் பையன் ஆரம்பித்தான்.

"தெரியாது."

"கொஞ்சம் கூட்டி வச்சுப் பாருங்களேன்."

"எவ்வளவு கூட்டினாலும் எனக்குத் தெரியாதுப்பா. எனக்குக் காது கேக்காது. அதுக்குத்தான் நடுவுல இந்தம்மா இருக்காங்க."

நான் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் அம்மா அவனிடம் சொன்னார். பிறகு: "சாரி சார். அப்போ சவுண்டுல பிரச்னை இல்லன்னு போட்டுக்கறேன்."

பாக்ஸை அணைத்துப் போடச் சொன்னான். போட்டேன். படத்தின் தரம் உயர்ந்ததில் இருக்கிறதா பார்க்கச் சொன்னான். இருந்தது. டவுன்லோடை அழித்துவிட்டு மறுபடி இறக்கச் சொன்னான். இறக்கினேன். அதே கூழ். கடைசியில் அவனே தன் பக்கத்தில் அந்த நிகழ்ச்சியைப் போட்டுப் பார்த்தான்.

"சூப்பரா இருக்கே சார். அந்த அம்மா மூஞ்சி நல்லாத் தெரியுது. திரையெல்லாம் அழகா இருக்கு."

"கையப் பாருப்பா. கைதான் பேச்சு."

"கை... ரொம்ப வேகமா ஆட்டறாங்க சார். கொஞ்சம் மெதுவா ஆட்டியிருந்தாங்கன்னா நல்லா வந்திருக்கும்."

மொழிபெயர்ப்பாளர் அம்மா இதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினார். அவர் எதையும் கூட்டக் குறைக்கக் கூடாது, அது அவர் வேலை. சொல்லிவிட்டார். ஆனால் புருவம் மட்டும் வேறு ஏதோ சொன்னது.

எங்கள் வீட்டில் கணப்புக்கு மேல் ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறோம். பின்னால் யார் வந்தாலும் தெரிய வேண்டும் என்பதற்காக, எங்கள் ஆட்கள் பல பேர் வீட்டில் இருக்கும். நிமிர்ந்தேன். கண்ணாடியில் நோரீன். கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"பாத்தியா? அவன் யாரு? என்னைத் தெரியாதவன். அவனே சொல்லிட்டான்."

"அவனுக்கு என்னடி தெரியும்? நீ பேசறத கை ஆட்டறதுங்கறான்!"

"தெரியாதவன் சொல்றதுதான் நிஜம்."

அதற்கப்புறம் வீட்டில் பேச்சுக் குறைந்தது. காது கேட்கிறவர்கள் வீட்டில் பேச்சுக் குறைந்தால் அமைதி என்பீர்கள். எங்கள் வீட்டில் கை மடியிலேயே கிடக்கும். டீ வேண்டுமா என்றால் புருவத்தைத் தூக்குவாள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் இடுப்புக்குக் கீழே, விரலை மட்டும் அசைத்து, முணுமுணுப்பு மாதிரி சொல்வாள். ரப்பர் பந்தைக் காணோம். குப்பைத் தொட்டியைத் திறந்தபோது கிடைத்தது. எடுத்துக் கழுவி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாக்ஸில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். சைகை நிகழ்ச்சியின் பழைய பகுதிகளை மூர்லைன்காரர்கள் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். தொண்ணூற்று நான்காம் வருஷத்தில் ஒன்று: 'ஹாலிஃபாக்ஸ் கிளப்பில் ஒரு மாலை'. எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அதில் நோரீன் வாத்து சொல்கிறாள், இருபத்தாறு வயது நோரீன்!

அதைப் போட்டுக் காட்டினால் அவளுக்கு உற்சாகம் வரும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் என்ன மடத்தனம் என்று தெரிகிறது. கை போய்விட்டது என்று அழுகிறவளிடம், கை இருந்தபோது எப்படி இருந்தாய் பார் என்று காட்டப் போனேன். என் அம்மா சொல்வது போல் எனக்கு மனசு பெரிசு, மூளை சின்னது.

டவுன்லோட் முடிந்ததும் அவளை இழுத்து உட்கார வைத்தேன்.

"என்னது?"

"பாரேன்."

பழைய படத்தைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். தோளில் பஞ்சு மூட்டை வைத்துத் தைத்த அந்தக் காலத்துச் சட்டை, வேலிப் புதர் மாதிரி தலைமுடி. நோரீனுக்குத் தன்னை மறந்து வாய்க்கோடியில் சிரிப்பு வந்தது. "ஐயோ, இந்தத் தலையோடயா தெருவுல நடந்தேன்?" என்றாள். அன்றைக்குத்தான் அவள் கை முதல் தடவையாக மடியை விட்டு மேலே வந்தது.

திரையில் அவள் முழங்கையைத் தூக்கினாள். வாத்து பையிலிருந்து வர வேண்டும்.

கூழ்.

சாம்பல் நிறக் கட்டங்கள். கரண்டி விட்ட கஞ்சி. அதே கலங்கல்.

ரிமோட்டைத் தேடினேன், அணைத்துவிடலாம் என்று. அவள் எனக்கு முன்னால் எடுத்துவிட்டாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். டிவிக்குக் கிட்டப் போய் மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பிறகு திரும்பினாள். கை இடுப்புக்குக் கீழே இல்லை. நெஞ்சுக்கு நேரே இருந்தது.

"டெரன்ஸ். இது எந்த வருஷம்?"

"தொண்ணூத்தி நாலு."

"எனக்கு ஆபரேஷன் எப்போ?"

"போன அக்டோபர்."

"அப்போ இந்தப் பொண்ணு கைக்கு என்ன கேடு?"

உண்மையாகச் சொல்கிறேன், அவள் கேட்கும் வரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை.

"அப்பவும் வேகமா ஆட்டியிருப்பே," என்றேன்.

தலையணை என் முகத்தில் வந்து விழுந்தது. பல நாளுக்கப்புறம் அவள் எறிந்த முதல் தலையணை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

"இது அன்னிக்கு டிவியில வந்தப்போ கிளப்ல டேப்ல பிடிச்சு வச்சாங்க. ஞாபகம் இருக்கா? அந்த டேப் தேயற அளவுக்குப் பாத்தோமே. அதுல வாத்து இருந்துச்சு. கண்டிப்பா இருந்துச்சு. வண்டிய எடு!"

கிளப் பூட்டியிருந்தது. சாவி மாரிஸிடம். அவர் வீட்டுக்குப் போய் பெல் அடித்தோம், அதாவது அவர் வீட்டு விளக்குகள் எல்லாம் மின்னி மின்னி அணைந்தன. செருப்போடு வந்தார், தாடையில் குழம்பு.

"வீடு தீப்பிடிச்சுதா?"

"தலைவரே, தொண்ணூத்தி நாலாம் வருஷத்து டேப் எங்கே?"

"பாதிச் சாப்பாட்டுல எழுப்பி டேப்பா கேக்கறீங்க? கோப்பை அலமாரிக்குக் கீழே. எதுக்கு?"

"வாத்தைத் தேடறோம்," என்றாள் நோரீன். மாரிஸ் அவள் கையைப் பார்த்தார், எவ்வளவு உயரத்தில் பேசுகிறாள் என்று. வேறு எதுவும் கேட்காமல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு செருப்போடேயே வண்டியில் ஏறிவிட்டார்.

டார்ட்ஸ் போட்டியில் ஜெயித்த கோப்பைகளுக்குக் கீழே டேப்புகள் குவியலாகக் கிடந்தன. பழைய தொந்தி டிவியைச் சக்கரம் வைத்த மேஜையோடு சாமான் அறையிலிருந்து உருட்டி வந்தோம். டேப்பைச் சொருகினேன். படம் வந்தது. எவ்வளவு மோசமான படம் தெரியுமா! வண்ணமெல்லாம் வழிந்தது. கீழே ஒரு கோடு துள்ளிக்கொண்டிருந்தது. நோரீனின் முகம் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. பின்னால் இருக்கிற திரையில் பூ இருந்ததா இலை இருந்ததா என்றே தெரியவில்லை.

அவள் கையைத் தூக்கினாள். பையிலிருந்து வாத்து வந்தது. தலையைத் திருப்பி, அந்த ஓட்டை டிவிக்குள்ளிருந்து எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தது.

நோரீன் அழவில்லை. நான்தான் அழுதேன். மாரிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. இந்தத் தளத்தில் உள்ளவர்கள் முன்னால் வேறு கேள்விக்குச் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: டவுன்லோட் சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காகப் படத்தை நசுக்குகிறார்கள். அசையாமல் இருப்பது நசுங்கினாலும் பிழைத்துக்கொள்ளும். வேகமாக அசைவதுதான் செத்துப் போகும். பேசுகிறவர் முகத்தைப் பார்க்கிற உங்களுக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. எங்களுக்குப் பேச்சே அசைவதுதான். தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள்.

அடுத்த வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை போஸ்டர். நோரீன் சொன்னபடி பெரிய டிவியையும் தொந்தி டிவியையும் ஹாலில் பக்கம் பக்கமாக வைத்தோம், நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு. சாப்பாடு முடிந்ததும் மாரிஸ் விளக்கை அணைத்துப் போட்டு எல்லோரையும் கூப்பிட்டார். (பட்டாணி அன்றைக்கு அடிப்பிடிக்கவில்லை.)

முதலில் டவுன்லோடைப் போட்டேன். இருபத்தாறு வயது நோரீனின் தெளிவான முகமும் கூழான கையும். ஹாலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதே மாலையை டேப்பில் போட்டேன். உருளைக்கிழங்கு முகமும் உயிரோடு ஒரு வாத்தும். யாரோ தரையைக் காலால் ஓங்கி மிதித்தார்கள், பலகை அதிர்ந்தது.

"ரெண்டும் ஒரே பொண்ணா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தர் கேட்டார்.

"ஒரே பொண்ணு, ஒரே ராத்திரி, ஒரே கை," என்றாள் நோரீன். "முடிதான் இப்போ கொஞ்சம் குறைஞ்சுடுச்சு."

"கொஞ்சமா?" என்றாள் ஜில்லியன்.

சிரிப்பு அடங்குவதற்குள் நோரீன் இரண்டு டிவிக்கும் நடுவில் போய் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்து, ஆரம்பத்திலிருந்து போடு என்றாள். எனக்கு அவள் சொல்ல வந்தது புரிந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டேன்.

மூன்று நோரீன்களும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள். இடது பக்கம் கூழ். வலது பக்கம் பழைய வாத்து. நடுவில் எங்கள் வாத்து, ஆபரேஷன் தழும்போடு.

கொஞ்ச தூரம் வரைக்கும் டேப்போடு சேர்ந்தே போனாள். செய்தித்தாள், வழுக்கை. கண்டக்டர் வந்தார். அங்கே டேப்பில் இருக்கிற பெண் சட்டென்று வாத்தைத் திருப்பிவிட்டாள். இளம் வயசு, அவசரம். நடுவில் நின்றவள் திருப்பவில்லை. வாத்தை அப்படியே வைத்திருந்தாள். பிறகு மணிக்கட்டை நூல் அளவு சாய்த்தாள். வாத்து கண்டக்டரின் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் மெல்ல இறங்கி, மறுபடி மேலே ஏறி, 'ஓ, நீதானா அது' என்று பார்த்தது. டேப் ஓடி முடிந்துவிட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை. அது ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த வாத்து இல்லை. இது வயதான, விஷமம் தெரிந்த வாத்து.

நான் அவளோடு முப்பத்தாறு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அவளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஹால் முழுக்கக் கைகள். மெதுவாக இல்லை. காற்றில் இலை ஆடுகிற மாதிரி படபடவென்று. மாரிஸ் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே இருந்தார், யாரும் அடங்கவில்லை.

ஜில்லியன் அவளிடம் வந்தாள். "அன்னிக்கு நான் சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கறேன். நான் ஒரு முட்டாள்."

"என்கிட்ட எதுக்கு சொல்றே? வாத்துகிட்ட சொல்லு," என்று நோரீன் முழங்கையைத் தூக்கினாள். வாத்து ஜில்லியனைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஜில்லியன் வாத்தின் முன்னால் மண்டியிட்டாள். வாத்து யோசித்தது. பிறகு அவள் மூக்கை ஒரு கொத்துக் கொத்தியது.

வெள்ளிக்கிழமை போஸ்டர் அடித்தாகிவிட்டது. நோரீனின் பெயர் கீழே இருந்தது மேலே வந்திருக்கிறது, மாரிஸ் செய்த வேலை. வீட்டில் இப்போது கை ஓய்வதே இல்லை. நான் சோறு தின்னும்போதுகூடப் பேசிக்கொண்டே இருக்கிறாள். ரப்பர் பந்தை என் கோட்டுப் பையில் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. எடுத்து அமுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு படத்தையும் பக்கம் பக்கமாக எடுத்து மூர்லைனுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: படம் அவர்களுடைய தரத்துக்கு உட்பட்டுத்தான் இருக்கிறதாம், சைகை நிகழ்ச்சியைப் பற்றி இப்படி வேறு யாரும் புகார் சொல்லவில்லையாம்.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாரும் ஏன் புகார் சொல்லவில்லை? நோரீனைப் போலவே நினைத்திருப்பார்கள். எங்கேயோ ஒரு ஊரில் ஒரு அம்மா தன் பேச்சு டிவியில் கூழாக வந்ததைப் பார்த்துவிட்டுத் தன் கையைத் திட்டிக்கொண்டு மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் தொண்ணூற்று நான்காம் வருஷத்து டேப் இருக்காது. மே மாத விழாவையும் படம் எடுக்க வருகிறார்கள். என் மனைவியின் புது வாத்து மறுபடியும் இந்த பாக்ஸ் வழியாகத்தான் மற்ற ஊர்களுக்குப் போக வேண்டும்.

அதனால் இதுதான் என் கேள்வி. உங்கள் வீட்டில் எந்த கம்பெனி பாக்ஸ் இருந்தாலும் சரி, உங்களுக்குக் காது கேட்டாலும் கேட்காவிட்டாலும் சரி, சைகை நிகழ்ச்சி ஒன்றை டவுன்லோட் பண்ணுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். விரல் தெரிகிறதா, கூழ் தெரிகிறதா? எந்த ஊர், எந்த பாக்ஸ், படத் தரம் எதில் வைத்திருக்கிறீர்கள் என்று இதற்குக் கீழே பதில் போடுங்கள். நன்றாக வந்தால் அதையும் சொல்லுங்கள், எப்படி வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒரு வரி போதும். எழுதுங்கள், ஒவ்வொன்றையும் நோரீனுக்குக் காட்டுவேன்.